கொம்புப்புழுவிலிருந்து இனப்பெயர் வரை: பருந்து அந்துப்பூச்சிகளை வகைபிரித்து அறிவது எப்படி?

நந்தியாவட்டையிலோ அரளியிலோ கிளை நுனிகள் இரண்டு மூன்று நாளில் மொட்டையாகிவிட்டால், முதலில் செடிக்கு அடியில் தரையைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய, நீளவாக்கில் பள்ளம் ஓடிய கரும்பச்சை எச்சங்கள் உதிர்ந்து கிடக்கும். அதற்கு நேர் மேலே விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு இருக்கும். தலைக்குச் சற்றுப் பின்னே நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண்கள், வால் பக்கம் ஒரு குட்டைக் கொம்பு. கொம்பைப் பார்த்து, கொட்டிவிடும் என்று பயந்து நசுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கொம்பில் விஷம் இல்லை, அது குத்தவும் செய்யாது. கண்களும் தோலில் விழுந்த நிறப்புள்ளிகள்தான், பறவைகளை மிரட்டுவதற்கானவை. உண்மையான கண்கள் தலையில் கடுகைவிடச் சிறியதாக இருக்கும்.

இந்தப் புழு வளர்ந்து பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை கலந்த அழகான ஒரு அந்துப்பூச்சியாகும். அதன் அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரியை. எள் வயலில் மஞ்சள் வரியோடு தென்படும் பெரிய புழு, சர்க்கரைவள்ளிக் கொடியைத் தின்னும் புழு, சேம்பிலையில் வரிசையாகக் கண்புள்ளிகளோடு ஊரும் கரும்புழு எல்லாமே இதன் உறவினர்கள். எல்லாம் சேர்ந்த குடும்பத்தின் பெயர் ஸ்பிஞ்சிடே. பருந்து அந்துப்பூச்சிகள் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். உலகம் முழுவதும் 1,400-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்துப்பூச்சிகளை இனம் காணத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல குடும்பம் கிடைக்காது. பூச்சி பெரியது, புழு பெரியது, உணவுச் செடிகள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவை. கண்ணாலேயே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிதான் கவனம் கேட்கும்.

எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கின்றன?

வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் லெபிடோப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி உண்மையில் நுண்ணிய செதில்கள். அந்தச் செதில்கள்தான் இந்த வரிசையின் அடையாளம். வரிசைக்குக் கீழே பெருங்குடும்பம், அதற்குக் கீழே குடும்பம், துணைக்குடும்பம், இனக்குழு, பேரினம், கடைசியில் இனம் என்று படிகள் இறங்குகின்றன.

பெயரின் வால்பகுதியைப் பார்த்தே எந்தப் படி என்று தெரிந்துகொள்ளலாம். ‘ஆய்டியா’ என்று முடிந்தால் பெருங்குடும்பம், ‘இடே’ என்றால் குடும்பம், ‘இனே’ என்றால் துணைக்குடும்பம், ‘இனி’ என்றால் இனக்குழு. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்தப் பூச்சிப் பட்டியலையும் மிரளாமல் படிக்கலாம்.

பருந்து அந்துப்பூச்சிகளின் பெருங்குடும்பம் பாம்பிகாய்டியா. மல்பெரிப் பட்டுப்பூச்சியும் டசார் பட்டுப்பூச்சியும் இதே பெருங்குடும்பம்தான். நம்ப முடியாவிட்டால் பட்டு வளர்ப்பவரிடம் கேட்டு, வளர்ந்த மல்பெரிப் பட்டுப்புழுவின் வால் பக்கம் பாருங்கள். வயிற்றின் எட்டாவது கண்டத்தில், அதாவது வளையம்போன்ற உடல் பகுதியில், ஒரு சிறு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பருந்து அந்துப்பூச்சிப் புழுவின் கொம்பும் அதே எட்டாவது கண்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே கொம்பு இருப்பதாலேயே ஒரு புழு ஸ்பிஞ்சிடே ஆகிவிடாது. கொம்பு இல்லாததாலேயே அது ஸ்பிஞ்சிடே இல்லை என்றும் ஆகிவிடாது. சில இனங்களின் கடைசிப் பருவத்தில் கொம்பு தேய்ந்து வெறும் பொத்தான் போன்ற மேடாகிவிடுகிறது.

முதல் கேள்வி: இது பருந்து அந்துப்பூச்சிதானா?

இனப்பெயரைத் தேடுவதற்கு முன் குடும்பத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

வளர்ந்த பூச்சியில் சில அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னிறக்கை நீண்டு, குறுகி, நுனி கூராக இருக்கும். பின்னிறக்கை அதைவிட மிகவும் சிறியது. உடல் பருத்து, வால் நோக்கிக் கதிர்போல ஒடுங்கும். உணர்கொம்புகள் தடித்து, பெரும்பாலானவற்றில் நுனி சிறு கொக்கிபோல வளைந்திருக்கும். ஓய்வில் இறக்கைகளை உடலுக்குப் பின்னோக்கிச் சாய்த்து, மேலிருந்து பார்த்தால் அம்புமுனை வடிவில் வைத்திருக்கும். விளக்கடியில் உட்காரும் மற்றப் பெரிய அந்துப்பூச்சிகள் பெரும்பாலும் இறக்கையைத் தட்டையாக விரித்தோ கூரைபோல மூடியோ வைத்திருக்கும்.

அடிக்கடி குழப்புவது பழத்துளைப்பான் அந்துப்பூச்சி. உடல் பருமன், பெரிய உருவம், மஞ்சள் பின்னிறக்கை எல்லாம் சேர்ந்து ஏமாற்றும். ஆனால் அதன் பின்னிறக்கை அகலமானது, உணர்கொம்பு நூல்போல மெலிந்தது. அட்லஸ் அந்துப்பூச்சியை இதில் சேர்ப்பவர்களும் உண்டு. அதன் உணர்கொம்பு இறகுபோலப் பிரிந்திருக்கும், இறக்கையில் கண்ணாடிச் சன்னல்கள் தெரியும். அது சாட்டர்னிடே குடும்பம்.

பகலில் பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் சிறு உயிரைப் பார்த்துவிட்டு ஹம்மிங்பறவை என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். ஹம்மிங்பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்படி நின்று குடிப்பது அநேகமாக மாக்ரோகுளோசம் அல்லது செஃபோனோடெஸ் பேரினத்து அந்துப்பூச்சிதான். படத்தைப் பெரிதாக்கினால் தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரியும். பறவைக்கு அது கிடையாது.

மூன்று துணைக்குடும்பங்கள்

குடும்பம் உறுதியானதும் ஸ்பிஞ்சினே, ஸ்மெரிந்தினே, மாக்ரோகுளோசினே என்ற மூன்றில் எது என்று பார்க்க வேண்டும். இந்தப் படியில் நேரம் செலவழித்தால் பின்னால் பல மடங்கு மிச்சமாகும்.

பெரும்பாலான ஸ்மெரிந்தினே பூச்சிகளின் உறிஞ்சுகுழல் குன்றிப்போனது. பல இனங்களில் வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே சில நாள் வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடுகிறது. அதனால் இவற்றைப் பூவில் தேடிப் பயனில்லை, விளக்கொளியில்தான் பார்க்கலாம். மரும்பா போன்ற பேரினங்களில் இறக்கை விளிம்பு அலையலையாக வெட்டப்பட்டிருக்கும்; நிறம் காய்ந்த இலையை ஒத்திருக்கும். புழுவின் தோல் மணல் தூவியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும், தலை பெரும்பாலும் மேல்நோக்கிக் கூம்பிய முக்கோணம். மாமரத்தில் வளரும் ஆம்ப்ளிப்டெரஸ் பனோபஸ், கரும்பிலும் புல்லிலும் வளரும் லியூகோஃப்ளீபியா லினியாட்டா இந்தத் துணைக்குடும்பத்தவை. இரண்டாவதன் முன்னிறக்கை இளஞ்சிவப்பு; நடுவே அகலமான வெளிர்மஞ்சள் பட்டை ஓடும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஸ்பிஞ்சினே துணைக்குடும்பத்தவை பெரும்பாலும் பெரிய, சாம்பல் கலந்த, இரவில் பறக்கும் பூச்சிகள். பலவற்றின் உறிஞ்சுகுழல் மிக நீளம். அக்ரியஸ் கான்வால்வுலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சாம்பல் இறக்கை, வயிற்றின் இருபுறமும் இளஞ்சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வரும் பட்டைகள், உடலைவிட நீளமான உறிஞ்சுகுழல். இதன் புழு சர்க்கரைவள்ளி, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றில் வரும். மண்ணைக் கிளறும்போது கிடைக்கும் கூட்டுப்புழுவை வைத்தே இதை அடையாளம் காணலாம். உறிஞ்சுகுழலுக்கான உறை உடலிலிருந்து தனியாகப் பிரிந்து, கூஜாவின் கைப்பிடி போல வளைந்து நிற்கும். இந்தத் துணைக்குடும்பத்துப் புழுக்கள் பலவற்றின் பக்கவாட்டில் ஏழு சாய்ந்த கோடுகள் ஓடும்.

மூன்றாவதான மாக்ரோகுளோசினேதான் இனங்கள் மிகுந்தது. டாஃப்னிஸ், தெரெட்ரா, ஹிப்போடியான், நெஃபிலி, மாக்ரோகுளோசம், செஃபோனோடெஸ் எல்லாம் இதில் அடங்கும். உருவத்திலும் பறக்கும் நேரத்திலும் இவை ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டவை. பிறகு எதை வைத்து ஒரே கூட்டமாகச் சேர்த்தார்கள் என்ற கேள்வி எழும். விடை வாய்ப்பகுதியில் இருக்கிறது. உறிஞ்சுகுழலின் இருபுறமும் இரண்டு குட்டையான உணர்நீட்சிகள் உண்டு. மாக்ரோகுளோசினேயில் அந்த நீட்சியின் முதல் கணுவின் உட்புறத்தில் நுண்ணிய உணர்மயிர்கள் அடர்ந்த ஒரு திட்டு இருக்கும். மற்ற இரண்டு துணைக்குடும்பங்களில் அது இல்லை. 1903-இல் பூச்சியியலாளர்கள் வால்டர் ராத்சைல்டும் கார்ல் ஜோர்டனும் இந்தக் குடும்பம் முழுவதையும் திருத்தி எழுதியபோது, இந்த மயிர்த்திட்டு உள்ளவை, இல்லாதவை என்றுதான் முதல் பிரிவையே போட்டார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு, 2009-இல் ஐந்து மரபணுக்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்விலும் மாக்ரோகுளோசினே ஒரே கிளையாகவே நின்றது. உருப்பெருக்கியில் பார்த்த ஒரு மயிர்த்திட்டு அவ்வளவு உண்மையான உறவைக் காட்டியிருக்கிறது என்பது வகைப்பாட்டு வேலையின் பெருமை.

மற்ற இரண்டின் எல்லைகள் அவ்வளவு உறுதியாக இல்லை. இமயமலை முதல் கிழக்காசியா வரை வாழும் லாங்கியா என்ற பெரிய பூச்சியை முன்பு ஸ்மெரிந்தினேயில் வைத்திருந்தார்கள். இப்போது அதற்கு லாங்கினே என்று தனித் துணைக்குடும்பமே தரப்படுகிறது. பழைய நூல் மூன்று என்றும் புதிய பட்டியல் நான்கு என்றும் சொன்னால் காரணம் இதுதான்.

எல்லா ஒற்றுமையும் உறவைக் காட்டாது என்பதற்கும் இந்தக் குடும்பத்திலேயே சான்று உண்டு. வௌவால் எழுப்பும் மீயொலியைக் கேட்கும் திறன் தெரெட்ரா, ஹிப்போடியான் சேர்ந்த கூட்டத்தில் இருக்கிறது. மண்டையோட்டு அந்துப்பூச்சியின் கூட்டத்திலும் இருக்கிறது. இரண்டிலும் காது என்பது வாய்ப்பகுதிதான். ஆனால் முதல் கூட்டம் மாக்ரோகுளோசினே, இரண்டாவது ஸ்பிஞ்சினே. வௌவால் என்ற ஒரே நெருக்கடி, தனித்தனியாக இரண்டு முறை ஒரே மாதிரித் தீர்வை உண்டாக்கியிருக்கிறது. ‘இரண்டுக்கும் காது இருக்கிறது, ஆகவே சொந்தம்’ என்று சேர்த்திருந்தால் தவறாகியிருக்கும்.

பெயருக்குப் பின்னால் வரும் பெயரும் ஆண்டும்

டாஃப்னிஸ் நேரியை (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறார்கள். முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம், பிறகு அந்த இனத்தை முதலில் விவரித்தவர், விவரித்த ஆண்டு. அடைப்புக்குறி அலங்காரத்துக்காக வந்ததல்ல. விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து அந்த இனம் பின்னாளில் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால்தான் அடைப்புக்குறி வரும். லின்னேயஸ் 1758-இல் இதை ஸ்பிங்ஸ் நேரியை என்றார். அப்போது அவர் லெபிடோப்டெராவையே மூன்று பேரினங்களாகத்தான் பிரித்திருந்தார்: வண்ணத்துப்பூச்சிகளுக்கு பாப்பிலியோ, பருந்து அந்துப்பூச்சிகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் ஸ்பிங்ஸ், மீதி அந்துப்பூச்சிகளுக்கு ஃபெலீனா. இன்று ஸ்பிங்ஸ் பேரினம் சுருங்கி, நேரியை டாஃப்னிஸுக்குப் போய்விட்டது. நடுவில் சில காலம் டெய்லெஃபிலா பேரினத்திலும் இருந்தது.

நடைமுறையில் இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்? பழைய வேளாண் நூல்களில் சர்க்கரைவள்ளிப் புழுவை ஹெர்ஸி கான்வால்வுலி என்று எழுதியிருப்பார்கள். அது வேறு பூச்சி அல்ல, இன்றைய அக்ரியஸ் கான்வால்வுலிதான். பேரினம் மாறினாலும் இனச்சொல் பெரும்பாலும் அப்படியே தொடரும். இரண்டு நூல்களில் இரண்டு பெயர் கண்டால், முதலில் இனச்சொல்லையும் விவரித்தவர் பெயரையும் ஒப்பிடுங்கள். அவை பொருந்தினால் அநேகமாக ஒரே பூச்சி.

ஓர் இனம் உருவாவதும் பெயர்ப்பட்டியலில் நடக்கும் வேலைதான். மடகாஸ்கரில் ஆங்ரீகம் செஸ்கிபெடாலே என்ற வெள்ளை ஆர்கிட் பூவின் தேன்குழாய் ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். 1862-இல் டார்வின், இதன் அடியிலுள்ள தேனை எட்டும் அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதினார். 1867-இல் வாலஸ், அது ஒரு பருந்து அந்துப்பூச்சியாக இருக்கும் என்றார். 1903-இல் ராத்சைல்டும் ஜோர்டனும் அந்தப் பூச்சியை விவரித்தார்கள். ஆனால் தனி இனமாக அல்ல. ஆப்பிரிக்காவின் சாந்தோபன் மோர்கனியை இனத்தின் துணையினமாக, ப்ரெடிக்டா என்ற பெயரில் விவரித்தார்கள். உடலமைப்பு வேறுபாடுகளையும் மரபணுப் பட்டைக்குறியையும் சேர்த்துப் பார்த்து, 2021-இல்தான் அது சாந்தோபன் ப்ரெடிக்டா என்ற தனி இனமானது. பூச்சி மாறவில்லை. அதைப் பிரிக்கப் போதுமான சான்று சேர்வதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மரபணுப் பட்டைக்குறி என்பது மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டு. ஒரு காலைத் துண்டித்து அனுப்பினாலே போதும், ஆய்வகம் படித்துவிடும். ஆனால் அதுமட்டுமே இனத்தைத் தீர்மானிப்பதில்லை. இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, புழு, உணவுச்செடி, வாழிடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

இனம் பிரித்தல்: எங்கே பார்ப்பது?

மேலிருந்து எடுத்த, முன்னிறக்கை மட்டும் தெரியும் ஒரே படத்தை வைத்து இனம் கேட்பது வழக்கமாக நடக்கிறது. பருந்து அந்துப்பூச்சிகளில் முக்கியமான அடையாளங்கள் பல மறைந்திருக்கும் பின்னிறக்கையிலும் வயிற்றிலும்தான் உள்ளன.

மண்டையோட்டு அந்துப்பூச்சிகளை எடுத்துக்கொள்வோம். பேரினம் அகெரோன்ஷியா, மூன்றே இனங்கள். மூன்றின் மார்பின் மேலும் மண்டையோடு போன்ற ஒரு வரைவு. பிடித்தால் மூன்றுமே கீச்சென்று கத்தும்; வாய் வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளி எழுப்பும் ஒலி அது. மூன்றுமே குட்டையான, தடித்த உறிஞ்சுகுழலால் மெழுகு மூடியைத் துளைத்துத் தேன்கூட்டில் தேன் திருடும். இவற்றில் அட்ரோபஸ் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்காசியாவுக்கு உரியது. தமிழ்நாட்டில் அல்லது இலங்கையில் எடுத்த படத்துக்கு ‘அட்ரோபஸ்’ என்று பெயரிட்டிருந்தால் ஊரைப் பார்த்தே திருத்திவிடலாம்.

மிச்சம் ஸ்டிக்ஸ், லாகெசிஸ். ஸ்டிக்ஸின் பின்னிறக்கை அடிப்பகுதி மஞ்சள். அதன் மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள். லாகெசிஸில் பின்னிறக்கையின் அடியிலேயே ஒரு கறுப்புத் திட்டு இருக்கும்; வயிற்றின் மஞ்சளும் கறுப்பால் அதிகம் மூடப்பட்டிருக்கும்; உருவமும் பொதுவாகப் பெரியது. மண்டையோட்டின் தோற்றத்தை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். செதில் உதிர்ந்த பழைய பூச்சியில் அது எப்படி வேண்டுமானாலும் தெரியும். ஒரு மெல்லிய குச்சியால் முன்னிறக்கையை மெதுவாக முன்னே தள்ளி, பின்னிறக்கை அடிப்பகுதி தெரியும்படி ஒரு படம் எடுத்தால் கேள்வி முடிந்தது.

இவற்றின் புழு எள், கத்தரி, உருளைக்கிழங்கு முதலியவற்றில் வரும். தக்காளியிலோ கத்தரியிலோ கொம்புப்புழுவைப் பார்த்து இணையத்தில் தேடினால் முதலில் வருவது மாண்டூகா என்ற பேரினம். புகையிலைக் கொம்புப்புழு என்று அமெரிக்காவில் பெயர் பெற்றது அது. இந்தியாவில் மாண்டூகா இல்லை. அந்தப் பெயரை அப்படியே எழுதிவிட்டு, அமெரிக்கத் தோட்டத்துக்கான குறிப்புகளைப் பின்பற்றத் தொடங்குவது வீண்.

டாஃப்னிஸிலும் ஒரு கண்ணி உண்டு. நேரியையைப் போலவே இருக்கும் டாஃப்னிஸ் ஹைப்போதவுஸ் என்ற இனத்தின் முன்னிறக்கை நுனியில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதன் பச்சையும் இன்னும் அடர்ந்தது. ‘பச்சையாக ராணுவச் சீருடை போல இருந்தால் நேரியை’ என்ற அவசர முடிவை அந்தப் புள்ளி தடுக்கும்.

தெரெட்ராவிலும் ஹிப்போடியானிலும் வயிற்றின் மேற்பக்கக் கோடுகளை எண்ணுங்கள். தெரெட்ரா ஓல்டன்லாண்டியேயில் இணையாக ஓடும் இரண்டு வெள்ளிக்கோடுகள். தெரெட்ரா சில்ஹெடென்சிஸில் ஒன்றே ஒன்று. ஹிப்போடியான் செலெரியோவில் முன்னிறக்கையில் நுனியிலிருந்து உள்நோக்கி இறங்கும் வெள்ளிப்பட்டை, பின்னிறக்கையில் சிவப்பை வெட்டிச் செல்லும் கறுப்பு நரம்புகள். இது எளிது. ஆனால் ஹிப்போடியான் ரொசெட்டாவும் ஹிப்போடியான் போயர்ஹாவியேவும் படத்தில் பிரியாது. இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

செஃபோனோடெஸ் ஹைலாஸ் இறக்கை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். கூட்டிலிருந்து வெளிவந்தபோது அதிலும் செதில்கள் உண்டு. முதல் பறப்பிலேயே உதிர்ந்துவிடும். அதனால் புதிதாக வெளிவந்த பூச்சியைப் பார்த்து வேறு இனம் என்று நினைக்கக் கூடாது. காப்பிச்செடி குடும்பத்துச் செடிகளில், குறிப்பாகக் கார்டீனியாவில் இதன் புழுவைத் தேடலாம்.

புழுவை வைத்து அறிவது

நிறத்தை நம்பாதீர்கள். இந்தக் குடும்பத்தில் ஒரே தாயின் முட்டையிலிருந்து பச்சைப் புழுவும் பழுப்புப் புழுவும் வரலாம். அகெரோன்ஷியா புழு பச்சை, மஞ்சள், பழுப்பு என மூன்று நிறத்திலும் வரும். டாஃப்னிஸ் புழு கூட்டுப்புழு ஆவதற்கு முந்தைய நாள் பச்சை இழந்து கருத்துவிடும். நோய் என்று நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம்.

நம்பக்கூடியது கண்புள்ளியின் இடம். தலைக்குப் பின்னால் கால்கள் உள்ள மூன்று கண்டங்கள் மார்பு. அதற்கு அடுத்தவை வயிறு. டாஃப்னிஸ் நேரியையில் கண்புள்ளி மார்பின் மூன்றாம் கண்டத்தில். ஹிப்போடியான் செலெரியோவில் வயிற்றின் முதல் கண்டத்தில் பெரியது ஒன்றும் இரண்டாவதில் சிறியது ஒன்றும். தெரெட்ரா ஓல்டன்லாண்டியேயில் வயிற்றின் முதல் ஏழு கண்டங்களிலும் வரிசையாக. கண்டங்களை எண்ணத் தெரிந்தால் இந்த மூன்றும் ஒருபோதும் குழம்பாது.

செடியின் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அடினியம் என்றால் டாஃப்னிஸ். களாச்செடி என்றால் நெஃபிலி. திராட்சை, சேம்பு, காசித்தும்பை என்றால் தெரெட்ரா அல்லது ஹிப்போடியான். பூச்சியைவிடச் செடியின் பெயர் சில சமயம் அதிகம் சொல்லும். பிரிட்டிஷ் இந்தியாவின் பருந்து அந்துப்பூச்சிகளைப் பற்றி 1937-இல் வெளியான பெல், ஸ்காட் ஆகியோரின் தொகுதி இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அவர்கள் புழுக்களை வளர்த்து, செடியோடு சேர்த்து விவரித்ததுதான்.

சந்தேகம் தீர ஒரே வழி வளர்த்துப் பார்ப்பது. வலைத்துணி மூடிய ஒரு பெட்டி போதும். கிளையை நீர் நிரம்பிய சிறு சீசாவில் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புழு தண்டு வழியே இறங்கி நீரில் மூழ்கிச் சாகும். மருந்து தெளிக்காத செடியின் இலையாக இருக்க வேண்டும். எந்தச் செடியில் கிடைத்ததோ அதையே கொடுங்கள். நடுவில் மாற்றினால் பல புழுக்கள் பட்டினி கிடக்கும். எச்சத்தை நாள்தோறும் அகற்றுங்கள். காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ஈரம் கட்டி, புழு தொளதொளத்து, நாறிச் சாகும். அரளிப்பால் நஞ்சு, இலை பறித்த பின் கையைக் கழுவுங்கள்.

புழு தின்பதை நிறுத்தி, பெட்டியைச் சுற்றிச்சுற்றி ஓடத் தொடங்கினால் மண் தேடுகிறது என்று பொருள். 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு ஈரப்பதமுள்ள தளர்ந்த மண், மேலே சிறிது சருகு. கையால் பிடித்தால் சேர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அடுத்த ஒரு வாரம், பத்து நாள் தோண்டிப் பார்க்க வேண்டாம்; தோல் உரிக்கும்போது தொந்தரவு பட்டால் கூட்டுப்புழு கோணலாகும். வெப்பமான ஊர்களில் இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வெளிவரும். அதற்குள் சொரசொரப்பான ஒரு குச்சியைச் சாய்த்து வைத்திருக்க வேண்டும். ஏறித் தொங்க இடமில்லாத பூச்சியின் இறக்கை விரியாமல் சுருங்கிக் காய்ந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

புழுவின் முதுகில் அரிசி போன்ற வெள்ளைக் கூடுகள் வரிசையாக நின்றால் ஒட்டுண்ணிக் குளவி வேலை முடித்துவிட்டது. மண்ணிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் முட்கள் நிறைந்த ஈக்கள் வந்தால் அது டாக்கினிட் ஈ. இரண்டையும் தூக்கி எறியாமல் எந்தப் புழுவில், எந்தச் செடியில் வந்தது என்று குறித்து வையுங்கள். எந்த ஒட்டுண்ணி எந்த இனத்தைத் தாக்குகிறது என்ற தகவல் பயிர்ப்பாதுகாப்பில் விலைமதிப்புள்ளது.

பதிவில் என்ன எழுதுவது?

வளர்ந்த பூச்சிக்கு நான்கு படங்கள்: மேல்பக்கம், பக்கவாட்டு, பின்னிறக்கை தெரியும்படி ஒன்று, வயிற்றின் அடிப்பக்கம். புழுவுக்கு மூன்று: முழு உடல் பக்கவாட்டில், தலையும் மார்பும் நெருக்கமாக, கொம்பு நெருக்கமாக. பக்கத்தில் ஓர் அளவுகோல். ஊர், உயரம், நாள், நேரம், செடி. விளக்குக்கு வந்ததா, பூவுக்கு வந்ததா என்பதும் வேண்டும். ஸ்மெரிந்தினேயா மாக்ரோகுளோசினேயா என்ற கேள்விக்கு அதுவே பாதி விடை.

கடைசியாக, மாக்ரோகுளோசம். இந்தப் பேரினத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். அத்தனையும் பழுப்பு முன்னிறக்கை, பலவற்றில் மஞ்சள் பட்டையுள்ள பின்னிறக்கை, விசிறிபோல விரியும் வால்மயிர். பறக்கும்போது எடுத்த படத்தில் பின்னிறக்கைப் பட்டையின் அகலமும் வயிற்றின் பக்கவாட்டுத் திட்டுகளும் தெளிவாகத் தெரியாவிட்டால் ‘மாக்ரோகுளோசம் எஸ்பி.’ என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஸ்டெல்லடாரம் என்ற இனப்பெயரைப் பழக்கத்தால் ஒட்டவைத்தால், அந்தப் பதிவைப் பின்னால் யாராவது வரைபடத்தில் சேர்க்கும்போது அந்த இனம் வாழாத ஊரிலெல்லாம் புள்ளி விழும். பேரினத்தோடு நின்ற பதிவை, நல்ல படமும் செடியின் பெயரும் இருந்தால், தெரிந்தவர் ஒருவர் பத்தாண்டு கழித்தும் இனம் வரை கொண்டுபோக முடியும்.